பூட்டு முடிச்சு

பிப்ரவரி 3, திங்கள்

காலையிலிருந்து ஊரார் வீட்டு மெத்தை உறைகளோடு மல்லுக்கட்டு. வீட்டு ரோபோ சட்டை மடிக்கும், பாத்திரம் துடைக்கும், மாடிப்படி ஏறும். மெத்தை உறையின் நான்காவது மூலையை மாட்டச் சொன்னால் மட்டும் இந்த ரோபோக்களுக்குக் கை வராது. திணறினால் அதன் நெற்றியில் நீல விளக்கு எரியும். இங்கே ஆபீஸில் எங்களில் யாருக்காவது மணி அடிக்கும். கண்ணாடியையும் கையுறையையும் மாட்டிக்கொண்டால் அதன் கை என் கை. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான். அந்த வீட்டு மனிதர்கள் எங்களுக்கு மங்கலாகத் தெரிவார்கள். நிறம் கிடையாது, குரல் கிடையாது. வீட்டு ரகசியம் வெளியே போய்விடக் கூடாதாம்.

என் அறையில் துவைத்த துணி நாற்காலியில் மலையாகக் கிடக்கிறது. அதற்கு எந்த மணியும் அடிக்காது.

மகள் இருக்கும் வீட்டிலும், அதாவது அவள் அப்பா வீட்டிலும், ஒன்று வாங்கியிருக்கிறார்கள். வந்த அன்று ஒரே குதியாட்டம். அது திணறினா நீதான் வருவியா என்று கேட்டாள். நாங்கதான் வருவோம் என்று நானும் பெருமையாகச் சொல்லி வைத்தேன். சொந்தக்காரர் வீட்டுக்குள் போகக்கூடாது என்பது எங்கள் விதி. நானே மறுநாள் ஆபீஸில் சொல்லி, அந்த வீட்டு மணி என் மேசைக்கு வராதபடி செய்துவிட்டேன். இதை அவளிடம் சொல்லவில்லை. அவள் ஆசையைக் கெடுப்பானேன்?

இந்தப் படிப்பு வருஷம் முடிந்ததும் அவள் என்னிடம் வந்துவிடுவாள். பிரியும்போது பேசிக்கொண்டது அப்படித்தான். அதை நினைத்துத்தான் இந்த ஒற்றை அறையில் பொழுது போகிறது.

பிப்ரவரி 6, வியாழன்

போன் செய்தேன். "ம்." "சரி." "வைக்கட்டுமா?" – அவ்வளவுதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அவள் அப்பாவே கூப்பிட்டார். சண்டைக்கு வரவில்லை, வந்திருந்தால் நானும் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது, தோழிகள் இருக்கிறார்கள், வீட்டில் அவருடைய அக்கா இருக்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அவ உன்னக் கேக்கறதே இல்ல. தப்பா எடுத்துக்காத, பாக்கறதத்தான் சொல்றேன். இங்கயே இருந்துடட்டுமே. மாசக் கடைசிக்குள்ள ஒரு வார்த்த சொல்லு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பிறகு பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன்.

பிப்ரவரி 13, வியாழன்

ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்ததா என்று கேட்டேன். "அதான் சொன்னேனேம்மா" என்கிறாள். பக்கத்து பெஞ்சுக்காரியோடு சண்டை தீர்ந்ததா என்றேன். அதற்கும் "சொன்னேனே." அலுத்துக்கொள்கிற குரல்.

எப்போது சொன்னாள்? ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தையிடம் சொல்லியிருப்பாள், என்னிடம் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். குழந்தைதானே, ஆள் மாறிப்போகிறது. ஆள் மாறிப்போகிற அளவுக்கு நான் ஆகிவிட்டேனா? விழுந்த பல்லை நான் பார்க்கவில்லை. அந்த ஓட்டை வழியாக அவள் சிரிப்பதையும் பார்க்கவில்லை. பார்க்கணும் போல இருக்கு. வேறென்ன எழுத.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று எனக்குக் கைதட்டல்!

ஏதோ ஒரு வீட்டில் தினமும் சாயங்காலம் ஒரு ஷூவின் கயிறு முடிச்சு விழுந்துவிடுகிறதாம். ரோபோ இழுக்க இழுக்க இறுகும்; உடனே நீல விளக்கு. சாயங்கால ஷிப்டில் அந்த ஷூவுக்குப் பயப்படாத ஆளில்லை. பக்கத்து சீட்டுக்காரி ஒருநாள் பொறுமை போய்க் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். இன்று டீம் லீடர் அந்தப் படத்தைத் திரையில் போட்டு, யாருக்காவது அவிழ்க்கத் தெரியுமா என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எங்கள் பூட்டு முடிச்சு. சின்ன வயதில் மகள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தடுக்கித் தடுக்கி விழுவாள் என்று நானே கண்டுபிடித்தது. வெளியே தொங்கும் நுனியை இழுத்தால் இறுகும். உள்ளே ஒளிந்திருக்கும் குட்டி நுனியைத் தள்ளினால் மொத்தமும் கழன்றுவிடும். என்னைப் போல இன்னொரு கிறுக்கு அம்மா எங்கேயோ இருக்கிறாள் போல. இது வளர்ந்த பெண்ணின் ஷூ, என் மகளுடையதைப் போல இரண்டு மடங்கு.

ஆபீஸிலேயே ஒரு ஷூவில் அந்த முடிச்சைப் போட்டு, கையுறையோடு அவிழ்த்துக் காட்டினேன். அதைப் பதிவு செய்து எல்லா ரோபோக்களுக்கும் பாடமாக அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஒருநாள் கூடுதல் விடுப்பு. ரொம்ப நாளைக்குப் பிறகு கொஞ்சம் தலை நிமிர்ந்து பஸ் ஏறினேன்.

பிப்ரவரி 20, வியாழன்

அந்த வீட்டிலிருந்து மணியே வரவில்லையாம். சாயங்கால ஷிப்ட்காரர்கள் எனக்கு மிட்டாய் வாங்கி வைத்திருந்தார்கள்.

பிப்ரவரி 21, வெள்ளி

'அவள் அங்கேயே இருக்கட்டும்' என்று அவருக்கு எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். என்னைத் தேடாத பிள்ளையைப் பிடித்து இழுத்து வந்து இந்த அறையில் வைத்துக்கொண்டு நான் என்ன சாதிக்கப் போகிறேன்? ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவிட வேண்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அனுப்புவதற்கு முன்னால் போன் வந்தது. அவளே, அத்தையின் போனிலிருந்து.

"ஏம்மா இப்பல்லாம் வரமாட்டேங்கற?"

எங்கே என்று கேட்டேன்.

"முடிச்சு அவுக்கத்தான். இப்ப அதுவே அவுத்துடுது. நீல விளக்கே எரியறதில்ல."

மெதுவாகக் கேட்டுக் கேட்டு வாங்கினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பூட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு, ரோபோவின் முன்னால் காலை நீட்டி உட்காருவாளாம். அது திணறும், விளக்கு எரியும். அம்மா வந்துட்டா! பல் விழுந்தது, பெஞ்சுக்காரி சண்டை, வகுப்பில் வாந்தி எடுத்தது எல்லாவற்றையும் அந்த நீல விளக்கைப் பார்த்துச் சொல்லி முடிப்பாளாம். அப்புறம் நான் போன் செய்தால் பேச என்ன இருக்கும்?

"எல்லாம்தான் சாயங்காலமே சொல்லிடறேனே. ஒரு தடவதான் நீ கத்தரிக்கோலால வெட்டிட்ட. அன்னிக்கு என்மேல கோவமாம்மா?"

கோபமெல்லாம் இல்லை, நேரில் வருகிறேன் என்றேன்.

ஐயோ, நானே போய்ச் சொல்லிக்கொடுத்தேனே. அவ என்னக் கூப்பிடறதுக்கு வச்சிருந்தது அது ஒண்ணுதான். அதை உலகத்துல உள்ள எல்லா மெஷினுக்கும் சொல்லிக்கொடுத்து, கைதட்டல் வேற வாங்கிட்டு, மிட்டாய் தின்னுட்டு வந்திருக்கேன். கண்ணெதிரே இருந்தது அவ ஷூ. பெருசா இருக்கேன்னு நினைச்சேன் – என் மனசுல மட்டும் அவ கால் வளரவே இல்ல.

எழுதி வைத்திருந்ததை அழித்துவிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

அவரிடம் பேசினேன். முடியாது, பேசினபடி அவள் என்னிடம்தான் வருவாள் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் வீட்டில் தினமும் நடந்தது, அவருக்கும் தெரியவில்லை.

"நேர்ல வா. அவளே சொல்லட்டும்" என்றார்.

மார்ச் 1, சனி

கைதட்டலோடு கிடைத்த விடுப்பில் போய் வந்தேன். ரயிலில் எழுதுகிறேன், கையெழுத்து ஆடுகிறது.

கதவைத் திறந்ததே ரோபோதான். என் பையை வாங்கிக்கொண்டது. பின்னாலேயே அவள். பல் ஓட்டையில் பாதிப் பல் முளைத்துவிட்டது. என் தோள் வரைக்கும் வந்துவிட்டாள்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. அந்தக் கைகள் ஒருநாளும் என்னுடையவை அல்ல, வேறு யார் யாரோ என்று சொல்லிவிட்டேன். கத்தரிக்கோலும் நானில்லை என்றேன்.

"அப்ப நான் சொன்னதெல்லாம் யாருக்குமே கேக்கலயா?"

"யாருக்கும் கேக்கலடி."

முகம் சுருங்கிவிட்டது. எழுந்து உள்ளே போனாள். போச்சு என்று நினைத்தேன். ஷூவை மாட்டிக்கொண்டு வந்தாள். என் எதிரில் உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு பூட்டு முடிச்சு போட்டாள். காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள். இதைப் பார்த்துவிட்டு ரோபோ ஓடி வந்து குனிந்தது.

"நீ போ" என்றாள் அதனிடம். பிறகு என்னைப் பார்த்து, "சரி, மொதல்லேர்ந்து சொல்றேன்" என்றாள்.

குட்டி நுனி அகப்படவேயில்லை. அவசரமும் இல்லை. அவர் வாசற்படியில் நின்று முழுவதையும் கேட்டார். கிளம்பும்போது, அவளுக்குப் பள்ளிக்கூடம் பார்க்கத் தொடங்கிவிடு என்றார்.

ஜூன் 2, திங்கள்

இரண்டு அறை வீடு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர்தான். துணி மலை இப்போது இரண்டு நாற்காலியில். வேலை முடிந்து வந்த அலுப்பில், நாமும் ஒரு ரோபோ வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றாள், ஷூ போட்ட காலை என் பக்கம் நீட்டியபடி.