பத்து வரிகளில் இரண்டு

தோட்டப்பாளையம், வேலூர்
4-1-1988

திரு. கிருபானந்தம் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். இரண்டு வருஷமாக உங்களுக்குக் கடிதம் எழுதாமல் நிம்மதியாக இருந்தேன். இன்று எழுத வேண்டியதாகிவிட்டது. புருஷன் என்ற முறையில் எழுதவில்லை. நிலத்தடி நீர் கம்ப்யூட்டர் புரோகிராமை என்னோடு சேர்ந்து எழுதியவர் என்ற முறையில் எழுதுகிறேன்.

பிப்ரவரி கடைசியில் ஆம்பூரில் சப்-கலெக்டர் விசாரணை வைத்திருக்கிறார். பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டதற்கு உங்கள் கம்பெனியின் தோல் கழிவுதான் காரணமா என்று கேட்கப்போகிறார்கள். வேலாயுதமும் மற்ற விவசாயிகளும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கழிவு மணலுக்குள் எப்படிப் போய் எந்தக் கிணற்றை எப்போது தொட்டது என்று நம் புரோகிராம் கணக்குப் போட்டுச் சொல்லும். அது இல்லாமல் நான் போய் நின்றால் வெறும் வாய்ப்பேச்சுதான்.

கல்லூரிக்கு ஒரு பர்சனல் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. மெட்ராஸில் நாம் கார்டு துளைத்து ஓட்டிய காலத்துப் பிரிண்ட்அவுட்டைப் பார்த்து, ஆபீஸ் டைப்பிஸ்ட் சம்பூர்ணம் முழுவதையும் அடித்துக் கொடுத்தாள். மிஷின் பாஷைக்கு மாற்றலாம் என்று கம்பைல் செய்தால் வரிக்கு வரி பிழை என்கிறது. பிழைகளை இணைத்திருக்கிறேன்.

நீங்கள் யாரிடம் சம்பளம் வாங்குகிறீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் பாதி புரோகிராம் உங்களுடையது.

ஜெயபுஷ்பம்


ஆம்பூர்
9-1-1988

அன்புள்ள புஷ்பம்,

'திரு' போட்டு எழுதியிருக்கிறாய். குடித்தனம் நடத்திய காலத்தில் கிடைக்காத மரியாதை. சந்தோஷம்.

பிழை என் புரோகிராமில் இல்லை. சம்பூர்ணம் பழைய டைப்ரைட்டரில் பழகியவள். அதில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனிச் சாவி கிடையாது. இங்கிலீஷ் சின்ன 'எல்'லையே ஒன்றாக அடிப்பார்கள். கம்ப்யூட்டரிலும் அப்படியே அடித்துவைத்திருக்கிறாள். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கம்பைலருக்கு இல்லை. எல்லாவற்றையும் மாற்று. பாடம் நடத்துகிறவளுக்கு இது தோன்றாமல் போனது ஆச்சரியம்தான்.

பிறகு லிங்க் செய்யும்போது, கம்பைலரோடு பெட்டியில் வந்த கணக்கு லைப்ரரிகளில் 8087 என்று பெயர் போட்டதைச் சேர். நாங்கள் இங்கே அப்படித்தான் செய்கிறோம்.

பனி ஜாஸ்தியாக இருக்கிறது. தலையை மூடிக்கொண்டு போ.

கிருபா


வேலூர்
18-1-1988

திரு. கிருபானந்தம் அவர்களுக்கு,

என் தலையைப் பற்றிய கவலை உங்களுக்கு வேண்டாம்.

'எல்'களை மாற்றினேன். சம்பூர்ணம் பாவம், அழுதே விட்டாள். நான் உங்களைப் போல் அவளைக் குத்திப் பேசவில்லை. கம்பைல் ஆனது. நீங்கள் சொன்ன லைப்ரரியைச் சேர்த்து ஓட்டினேன். ஓட்டியதும் கம்ப்யூட்டர் அப்படியே செத்துப்போய் நின்றது. எந்தச் சாவியைத் தட்டினாலும் அசையவில்லை. பொங்கல் விடுமுறை முழுக்க இதோடுதான் மல்லுக்கட்டினேன்.

நேராகவே கேட்கிறேன். தெரியாமல் சொன்னீர்களா, தெரிந்தே சொன்னீர்களா?

ஜெயபுஷ்பம்


ஆம்பூர்
23-1-1988

புஷ்பம்,

உன் மிஷினில் கணக்குப் போடுவதற்கென்று தனி சிப் இல்லை. அந்த லைப்ரரி அந்தச் சிப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறது. இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. இதற்குப் போய் சதி அது இது என்று எழுதினால் நான் என்ன சொல்வது?

பெட்டியில் சிப் இல்லாமலே கணக்குப் போடும் இன்னொரு லைப்ரரி இருக்கும். அதைச் சேர். ஓடும், ஆனால் மாட்டு வண்டி வேகத்தில்தான் ஓடும். எங்கள் ஆபீஸ் மிஷினில் சிப் இருக்கிறது. புரோகிராம் இருக்கும் பிளாப்பியைத் தம்பி ஐசக்கிடம் கொடுத்தனுப்பு. ஒரே பகலில் முடித்துத் தருகிறேன். என் புரோகிராம் ஓடவில்லை என்று நீ விசாரணையில் போய்ச் சொல்வது எனக்குத்தான் கேவலம்.

கிருபா


வேலூர்
1-2-1988

திரு. கிருபானந்தம் அவர்களுக்கு,

கிணறு கிணறாக ஏறி இறங்கி நான் அளந்த அளவுகள் எல்லாம் அந்தப் பிளாப்பியில் இருக்கின்றன. அதை எடுத்துக்கொண்டு போய் உங்கள் முதலாளியின் மேஜையில் வைக்கச் சொல்கிறீர்களா? நான் அவ்வளவு ஏமாளி இல்லை.

இரண்டாவது லைப்ரரி ஓடுகிறது. கணக்கு முடிய இரண்டு முழு நாள் பிடிக்கும். இங்கே தினமும் கரண்ட் போகிறது. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்குகிறது. இதற்கு வழி இருந்தால் எழுதுங்கள்.

ஐசக் பெயரை எடுத்ததால் சொல்கிறேன். நீங்கள் அந்தக் கம்பெனியில் சேர்ந்ததைக் காட்பாடி ஸ்டேஷனில் உங்கள் தம்பி ஐசக் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். அவன் "அண்ணி, ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டபோது, தெரியும் என்று பொய் சொன்னேன். எந்தக் கழிவை எதிர்த்துப் புரோகிராம் எழுதினோமோ அங்கேயே ஏன் வேலைக்குப் போனீர்கள்? இன்றுவரை நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜெயபுஷ்பம்


ஆம்பூர்
8-2-1988

புஷ்பம்,

பழைய கதை வேண்டாம்.

தனித்தாளில் பத்து வரிகள் இருக்கின்றன. கணக்கின் நடுவே சேர். போட்ட கணக்கை அவ்வப்போது பிளாப்பியில் எழுதிவைக்கும். கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எதையும் மாற்றாதே.

கிருபா


வேலூர்
15-2-1988

திரு. கிருபானந்தம் அவர்களுக்கு,

பத்து வரிகளையும் பார்த்தேன். ஏழாவது வரி ஃபைலை மூடுகிறது. எட்டாவது வரி உடனே அதைத் திறக்கிறது. ஒவ்வொரு தடவை எழுதும்போதும் இப்படி மூடித் திறப்பானேன்? டிரைவ் கரகரவென்று சுற்றி நேரம் ஏகமாகப் போகிறது. விசாரணை 29ஆம் தேதி, திங்கட்கிழமை. காரணம் சொல்லுங்கள்.

ஜெயபுஷ்பம்


ஆம்பூர்
18-2-1988
(தபால் கார்டு)

எல்லாவற்றுக்கும் கேள்வி. பேஜார் பண்ணாமல் எழுதியதை எழுதியபடி அடி.

கிருபா


வேலூர்
9-3-1988

திரு. கிருபானந்தம் அவர்களுக்கு,

விசாரணையில் நடந்ததை உங்கள் கம்பெனி வக்கீல் சொல்லியிருப்பார். என் வாயாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஏழாவது, எட்டாவது வரிகளை எடுத்துவிட்டேன். அவை இருந்தால் திங்கட்கிழமைக்குள் முடியாது என்று தெரிந்தது. தாமதமானால் யாருக்கு லாபம் என்று யோசித்தேன். உங்கள் கார்டை இன்னொரு முறை படித்தேன். நீங்கள் வேண்டுமென்றேதான் இழுத்தடிக்கிறீர்கள் என்பதில் அதற்கப்புறம் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

எடுத்ததும் வேகமாக ஓடியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கியதிலிருந்து அதிசயமாகக் கரண்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருக்கும்போது மத்தியானம் கரண்ட் போனது. நான் பதறவில்லை, எல்லாம் பிளாப்பியில் எழுதியாகிவிட்டது என்று நினைத்தேன். கரண்ட் வந்ததும் ஃபைலைப் பார்த்தேன். ஃபைல் பெயர் இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

மறுநாள் வக்கீல் எழுந்து, "மேடம், உங்கள் கணக்கு எங்கே?" என்று கேட்டார். இல்லை என்றேன். விவசாயிகளின் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். வெளியே வந்ததும் வேலாயுதம் என்னிடம், "இன்னா டீச்சரம்மா, அந்தப் பொட்டி ஒண்ணுமே சொல்லலியா? ஒங்கள நம்பித்தான வந்தோம்" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மேனுவலை எடுத்துப் படித்தேன். ஃபைலை மூடினால்தான் எழுதியது பிளாப்பியில் நிலைக்கும், மூடாமல் கரண்ட் போனால் அத்தனையும் போய்விடும் என்று போட்டிருக்கிறது. அதற்குத்தான் மூடித் திறந்திருக்கிறீர்கள். உங்கள் வரிகள் சரி. நான் செய்தது தப்பு. வேலாயுதத்திடமும் மற்றவர்களிடமும் போய் என் தப்பு என்று சொல்லிவிட்டேன்.

இந்த ஒரு வாக்கியத்தை அந்தக் கார்டில் எழுதியிருந்தால் நான் அந்த வரிகளைத் தொட்டிருக்க மாட்டேன். கார்டில் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது.

பத்து வரிகளையும் போட்டு மறுபடி ஓட்டினேன். நேற்று முடிந்தது. உங்கள் கழிவு வேலாயுதத்தின் கிணற்றுக்கு எந்த வருஷம் வந்தது என்று விடை கிடைத்துவிட்டது. மேல்முறையீட்டுக்கு நானே எடுத்துக்கொண்டு போகிறேன். நடுவில் நீங்கள் வேண்டாம்.

உங்களைத் துரோகி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த விஷயத்தில் நீங்கள் துரோகம் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. நீங்கள் சரியாகச் சொன்னதையும் என்னால் நம்ப முடியவில்லை. நம்பும்படி சொல்ல உங்களுக்கும் மனம் வரவில்லை. இனி மறுபடி ஒரே வீட்டில் சேர்ந்து என்ன செய்யப்போகிறோம்?

போதகரிடம் பேசிவிட்டேன். சட்டப்படி பிரிந்து வாழ அனுமதி கேட்டுக் கோர்ட்டில் மனு போடுகிறேன். இந்த மாதத்துக்குள் உங்களுக்கு நோட்டீஸ் வரும். ஏன் என்று அதில் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறேன்.

ஜெயபுஷ்பம்