சுண்ணாம்பு போடாத ஆரத்தி

நேற்று நாவலப்பிட்டியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றதும் ஆரத்தித் தட்டைக் கொண்டுவந்தார்கள். அந்தச் சிவப்புத் தண்ணீரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பெண் வீட்டார் முறைத்தார்கள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் என்னைவிடச் சத்தமாகச் சிரித்து, அந்த முறைப்பை உன் பக்கம் திருப்பியிருப்பாய்.

நம் தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கீழே ஓடிய ஓடையில்தான் குளிப்பு, துவைப்பு எல்லாம். மேலே கால்சட்டைகளுக்குச் சலவை போடும் ஆலை வந்த பிறகு என் மகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. மருந்து பூசினால் அடங்கும், ஓடையில் குளித்தால் மறுபடி வரும். பிள்ளை சொறிந்து சொறிந்து அழுவாள், கூடவே நானும் அழுவேன். ஆலையில் போய் முறையிட்டால், "தண்ணி தெளிவாத்தானே இருக்கு?" என்று அனுப்பிவிட்டார்கள். தெளிவாகத்தான் இருந்தது, அதுதான் நம் தொல்லை.

அந்த வருடத் திருவிழாவுக்கு வெள்ளைச் சேலைகளை மஞ்சளில் முக்கினோம். வழக்கமாக, மலை ஊற்றிலிருந்து குழாயில் வரும் பீலித் தண்ணீரில் முக்குவோம். அந்த வாரம் பீலி நூலாக இறங்கியதால் ஓடையில் மொண்டோம். மஞ்சளாக வரவேண்டிய சேலையெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்துவிட்டது. "அம்மனுக்கு ஏதோ கோவம்" என்றார் கோயில் தலைவர். எல்லாரும் பயந்து நின்றோம். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆரத்தியில சுண்ணாம்பு போட்டாத்தானே மஞ்சள் சிவக்கும்? அம்மனா சுண்ணாம்பு வாங்கிட்டு வந்தா? மேல இருந்து எதையோ வுடுறாங்க" என்றாய்.

வீட்டில் குடிக்கப் பிடித்து வைத்திருந்த பீலித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்தாய், மஞ்சளாகவே இருந்தது. ஓடைத் தண்ணீரில் கரைத்தாய், சிவந்தது.

தேர் ஆலை வாசலில் நிற்கும்போது மனேஜர் வந்து தேங்காய் உடைப்பது வழக்கம். அப்போது நீ என்ன செய்யப்போகிறாய் என்று தெரிந்ததும் உன் கையைப் பிடித்து நிறுத்தினேன். உன் வீட்டுக்காரர் அந்த ஆலையின் லொறி டிரைவர்.

"அவரு வேலை போனா சோத்துக்கு என்ன புள்ள செய்வ?" என்றேன்.

"ஒன் வீட்டுல வந்து சாப்புடுறேன்" என்றாய்.

சிவந்த சேலையோடு போய் மனேஜருக்கு ஆரத்தி சுற்றினாய். நெற்றியில் பொட்டும் வைத்தாய். அவர் மகிழ்ந்து போய்க் கும்பிட்டார். அப்போது நிதானமாகச் சொன்னாய்: "சேர், இதுல சுண்ணாம்பு போடல. மஞ்சளும் நீங்க வுடுற தண்ணியும் மட்டுந்தான்." விளங்காமல் போய்விடக் கூடாதென்று அதையே சிங்களத்திலும் சொன்னாய். தப்பு மேளம் அடித்தவர்கள் கையை நிறுத்தினார்கள். மனேஜர் லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரிக்க, ஊர்வலம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

அதற்குப் பிறகு ஓடை போகும் வழியெல்லாம் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் மஞ்சள் துணியை முக்கிப் பார்த்தார்கள். நம் பேச்சை நம்பாதவர்களும் தங்கள் கையிலிருந்த துணியை நம்பினார்கள். அதிகாரிகள் வந்தார்கள். இழுபறிக்குப் பிறகு கழிவைச் சுத்தம் செய்யும் தொட்டி கட்டினார்கள். மகளின் அரிப்பும் போனது. உன் வீட்டுக்காரரின் வேலை போகவில்லை, ஆனாலும் நீ என் வீட்டில் வந்து சாப்பிடுவதை நிறுத்தவில்லை. நீ இல்லாத இப்போதும் உலை வைக்கும்போது கை தானாக உனக்கும் சேர்த்து அரிசி அள்ளுகிறது.

என் கைப்பையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணித்துண்டு இருக்கும். நேற்றுக் கல்யாணம் முடிந்து ஓடைக்குப் போனேன். குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு உன் கதையைச் சொல்லிவிட்டுத் துணியை முக்கினேன். தலையோடு தலை முட்ட எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"செவக்கவே இல்லையே!" என்று ஏமாந்து போய், மறுபடி தண்ணீரில் குதித்தார்கள்.