மேபெலின் சிவந்த கண்கள்

லைப்சிக்,
1913 மார்ச்

அன்புள்ள ரைன்ஹார்டுக்கு,

எல்ஃப்ரீடா எழுதிக்கொள்வது. நான் நலம், கணப்பு அடுப்பு நலம், சமையலறைக் குழாய்தான் மறுபடியும் ஒழுகுகிறது. கடல் கடந்து பால்டிமோரில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம் குழாயைப் பற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

வீட்டுக்கார ரேஸ்னர் அம்மாள் உங்களை விசாரித்தார். விசாரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "டாக்டர் ஐயா அமெரிக்காவுல நல்லா சாப்பிடுறாராமா? தனியா இருக்கிற ஆம்பளைங்க ஒண்ணு இளைப்பாங்க, இல்ல கொழுப்பாங்க. கொழுத்தாத்தான் கவலைப்படணும்" என்றார். நீங்கள் சதை போட்டிருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். யார் இந்த மேபெல்?

கடைசியாக வந்த எல்லாக் கடிதங்களிலும் அவள் பெயர்தான். புது ஆய்வில் உங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்தவள் அவள்தானாம். முதல் நாளே பயமில்லாமல் உள்ளே வந்தாளாம். ஒருமுறை செய்த தப்பை மறுமுறை செய்வதில்லையாம். பாலில் ஊறிய ரொட்டி என்றால் உயிராம், அதையும் உங்கள் கையிலிருந்துதான் சாப்பிடுவாளாம். எனக்கு நீங்கள் ஒரு தடவையாவது ஊட்டிவிட்டதுண்டா? நான் காய்ச்சலில் கிடந்தபோதுகூட, கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு என் நாடித்துடிப்பைத்தான் எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

வெள்ளை வெளேரென்று இருக்கிறாள், கண்கள் மட்டும் சிவந்தே இருக்கின்றன என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். ஏன் அழுகிறாள் அந்தப் பெண்? கல்யாணமான மனிதர் இன்னொருத்தியின் கண் நிறத்தை வீட்டுக்கு எழுதி அனுப்புவது எந்த விஞ்ஞானத்தில் சேர்த்தி?

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது அந்தக் கடைசி வரி. அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை, அதனால்தான் அவளை நம்ப முடிகிறது என்று எழுதினீர்கள்.

எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தானே, ரைன்ஹார்ட்? மனசையும் அளக்க முடியும் என்று உலகத்துக்குச் சொன்ன ஊர் இது. அளப்பதானால் மனசு யாருடையதோ அவரே உள்ளே பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்குப் பழக்கம் வேண்டும் என்பீர்கள். அந்தப் பழக்கத்துக்கு வந்தவள் நான். பதினோரு வருடம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, திரையை இழுத்துவிட்டு, பச்சை நாற்காலியில் உட்கார்ந்து, சாவி கொடுத்த தாளக்கருவி முள்ளை ஆட்டி டக் டக் என்று அடிக்க அடிக்க எனக்குள் நடந்ததையெல்லாம் சொன்னேன். முதல் நாள் ஓர் ஆப்பிளைக் காட்டினீர்கள். ஆப்பிள் என்றேன். "பேரைச் சொல்லாத எல்ஃபி! பேரு வெளியில இருக்கு. உனக்குள்ள என்ன இருக்கு, அதை மட்டும் சொல்லு" என்று கத்தினீர்கள். சிவப்பு, வட்டம், ஓரத்தில் ஒரு பளபளப்பு, நாக்கடியில் ஈரம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அந்த வாரமே, உன் புருஷன்மேல் உனக்குப் பிரியமா என்று கேட்டீர்கள். மார்பில் மெல்லிய அழுத்தம், காதில் சூடு, மூச்சு நீளம் என்றேன். என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினீர்கள். பிரியம் என்ற சொல்லை அதற்குப் பிறகு நாம் இருவருமே சொன்னதில்லை.

இப்போது அந்த நாற்காலியையும் தாளக்கருவியையும் விற்றுவிடச் சொல்கிறீர்கள். இனித் தேவைப்படாதாம்.

மனசு கேட்காமல் வியன்னாவில் இருக்கும் என் சித்தி மகள் ஹெர்மீனாவுக்கு எழுதினேன். அவள் அங்கே ஒரு மருத்துவரிடம் தினமும் சோபாவில் படுத்துக்கொண்டு கனவு சொல்லிக்கொண்டிருக்கிறாள் அல்லவா? உடனே பதில் போட்டுவிட்டாள். "அடியே, மனுஷன் வாயில வர்றது ஒண்ணு, அடியில கிடக்கிறது இன்னொண்ணு. நாற்காலியை வித்துடுன்னு எழுதினா, அவர் நாற்காலியையா விக்கச் சொல்றாரு?" அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வியன்னாக்காரர்கள் அரிக்காத இடத்தையும் சொறிந்து புண்ணாக்கிவிடுகிறார்கள்.

உங்கள் முறைப்படியே ஒரு பதிவு அனுப்புகிறேன். மேபெல் என்ற எழுத்துகளைப் பார்க்கும்போது: காதுமடலில் சூடு. தொண்டையில் விரல் பருமனுக்கு ஓர் அடைப்பு. வாயில் கசப்பு. விரல்கள் தாமாக மடங்குகின்றன. பெயர் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் கற்பித்த ஒழுங்கு தவறவில்லை.

அந்தக் கட்டடம் முழுக்க எலிகள் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். ஒரு நல்ல பூனை வாங்கி விடச் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் மனைவி,
எல்ஃப்ரீடா


லைப்சிக்,
1913 ஏப்ரல்

ரைன்ஹார்டுக்கு,

என் முந்தைய கடிதத்துக்கு உங்கள் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் வெண்ட்லர் வந்துவிட்டார். உங்களோடு ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு பிராங்பர்ட்டுக்குப் போகிற வழியில், மரியாதைக்கு ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போக வந்தாராம். நல்ல பிள்ளைதான், ஆனாலும் உங்களிடமிருந்து வருகிறவர் என்பதால் காப்பியை வேண்டுமென்றே தண்ணீராகப் போட்டேன். கோப்பையின் அடியில் வரைந்திருக்கும் பூ பளிச்சென்று தெரிந்தது. பாவம், ரசித்துக் குடித்தார்.

ரேஸ்னர் அம்மாளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். நான் குரலை இயல்பாக வைத்துக்கொண்டு மேபெல் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். வெண்ட்லர் முகம் மலர்ந்தது. "மேபெலா? ஜம்முனு இருக்கா, டாக்டரம்மா! போன மாசம் ஒரே ஈத்துல ஒம்பது குட்டி. ரெண்டை அவளே தின்னுட்டா" என்றார்.

நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். ரேஸ்னர் அம்மாள் ஆண்டவரே என்றார். வெண்ட்லர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாக விளக்கினார். வெள்ளை எலி. பிறவியிலேயே சிவந்த கண். பலகை அடித்து வழி தப்புகிற மாதிரி ஒரு பெட்டி செய்திருக்கிறீர்களாம். அதற்குள் நுழைந்து மறுகோடியில் இருக்கும் ரொட்டியைக் கண்டுபிடிப்பதுதான் அந்த அம்மையாரின் உத்தியோகமாம்.

ரேஸ்னர் அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு எலிக்காகவா இத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தீங்க? நம்ம நிலவறையில ஒரு குடும்பமே இருக்கு, வேணும்னா புடிச்சு அமெரிக்காவுக்குப் பார்சல் பண்ணிடலாம்" என்றார். மாலைக்குள் மூன்று மாடிக்கும் செய்தி போய்விட்டது. மறுநாள் கறிக்கடைக்காரன் "என்ன டாக்டரம்மா, சக்களத்தி சௌக்கியமா?" என்று கேட்கிறான். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன்.

ஆனால் அன்று மதியம் பச்சை நாற்காலியில் போய் உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பெண்ணாக இருந்திருந்தால் தேவலை, ரைன்ஹார்ட். அவள் என்னைவிட அழகி, இளையவள், பணக்காரி என்று எதையாவது சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பேன். அவளைத் திட்டியிருப்பேன். உள்ளே நடப்பதை உங்களுக்காகப் பதினோரு வருடம் தோண்டித் தோண்டிச் சொன்ன என்னைவிட, ஒன்றுமே சொல்லத் தெரியாத ஒரு பிராணி உங்களுக்கு உசத்தியாகிவிட்டதே! எனக்கு அந்த எலிமேல் வயிறு எரிகிறது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எரிகிறது.

வெண்ட்லர் உங்கள் புதுக் கட்சியைப் பற்றியும் சொன்னார். "உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு யாரும் சொல்ல வேணாம், சொன்னாலும் கணக்குல சேக்க மாட்டோம்ங்கறாங்க. கை என்ன செய்யுது, கால் எங்க போகுது, அவ்வளவுதான் மனசாஸ்திரம்" என்றார். அவருக்கும் அது பிடிக்கவில்லை. பிராங்பர்ட்டில் இவர் சேரப்போகும் ஆட்கள் வேறு ரகம். "ஒரு பாட்டை ஒத்தை ஒத்தை சுரமா உருவி வச்சுப் பாத்தா, பாட்டு எங்க இருக்கு? பாட்டு முழுசாத்தான் வரும், முழுசாத்தான் போகும். கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா, நீங்களும் அவரும் இந்த அறையில அப்படித்தான் உருவிக்கிட்டு இருந்தீங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வந்தவரிடம் காட்டவில்லை.

வாசலில் தொப்பியைப் போட்டுக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "ரைன்ஹார்ட் அங்கேயே நிரந்தர வேலைக்குத் தலையாட்டிட்டாரே, சந்தோஷமா இருக்குமே உங்களுக்கு? வீடுகூடப் பாத்துட்டாரு. கச்சிதமா, ஒத்தை ஆளுக்குன்னே கட்டின மாதிரி."

தெரியும், எழுதியிருந்தார் என்று பொய் சொன்னேன். அவர் தெருமுனை திரும்பும்வரை கையசைத்துக்கொண்டே நின்றேன்.

இதற்கு மட்டும் எனக்குப் பதில் எழுதுங்கள்.

எல்ஃப்ரீடா


லைப்சிக்,
1913 மே

அன்புள்ள ரைன்ஹார்ட்,

என் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து நீங்கள் எழுதிய பதில் வந்தது. மேபெலைப் பெண் என்று நான் நினைத்ததை ஆய்வகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினீர்களாம், கண்ணில் நீர் வரச் சிரித்தார்களாம். நல்லது, சிரிக்கட்டும். நிரந்தர வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

பொறாமை என்று ஒன்றும் கிடையாது, அது பழைய புத்தகச் சொல், முகம் சிவப்பதும் கை நடுங்குவதும் கையில் இருப்பதை வீசுவதும்தான் உண்டு, மற்றதெல்லாம் கற்பனை என்று எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறீர்கள். சரி, குறித்துக்கொள்ளுங்கள். கையில் இருந்தது உங்கள் கடிதம். அதை அடுப்புக்குள் வீசினேன். அடுத்த நொடியே, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகிவிடும் என்று தோன்ற, கையை விட்டு வெளியே எடுத்தேன். இரண்டு விரல் வெந்துவிட்டது. ரேஸ்னர் அம்மாள் வெண்ணெய் தடவிவிட்டு, "ஆம்பளை எழுதின கடுதாசிக்குக் கையைச் சுட்டுக்கிறவ உலகத்துலயே நீங்க ஒருத்திதான்" என்றார். வீசினதும் செயல்தான், எடுத்ததும் செயல்தான். உங்கள் கட்சியில் எதைக் கணக்கில் எடுப்பீர்கள்?

உங்கள் வழிக்கே வருகிறேன். உங்கள் மனசில் என்ன இருக்கிறது என்று இனிக் கேட்க மாட்டேன். ஹெர்மீனா சொல்கிற மாதிரி அடியில் கிடப்பதைத் தோண்டவும் மாட்டேன். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை மட்டும் பார்க்கப்போகிறேன். கப்பலேறி வாருங்கள், அல்லது எனக்கு ஒரு கப்பல் சீட்டு அனுப்புங்கள். ஒத்தை ஆள் வீட்டில் இன்னொரு நாற்காலி போட இடம் இருக்காதா என்ன? பச்சை நாற்காலி பெரியதில்லை. இரண்டும் செய்யாமல் சும்மா இருந்தீர்களானால், அதையும் உங்கள் பதிலாகவே எடுத்துக்கொள்வேன்.

பியானோ படிக்கும் மாணவன் ஒருவன் தாளக்கருவியை வாங்க வந்தான். விலையை உயர்த்தி உயர்த்திக் கேட்டான். விற்பதற்கில்லை என்று அனுப்பிவிட்டேன்.

நேற்று மதியம் திரையை மூடிவிட்டு தாளக்கருவிக்குச் சாவி கொடுத்தேன். எதிரே நீங்கள் இல்லை, பென்சில் சத்தம் இல்லை. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மனசு இழுத்துக் கட்டினதுபோல் நிற்கும், அடி விழுந்ததும் தளரும் என்று நான் சொன்னதை வைத்துத்தானே ஓர் அத்தியாயமே எழுதினீர்கள்? அப்படியேதான் இருக்கிறது. ஒன்றும் மாறவில்லை.

பெயரைச் சொல்லாதே என்று என்னை வளர்த்தீர்கள். இன்று ஒழுங்கு தவறுகிறேன், திட்டினாலும் சரி. அன்று மார்பில் அழுத்தம், காதில் சூடு என்று சொன்னேனே, அதற்குப் பெயர் பிரியம். இப்போது அதே காதில் அதே சூடு, தொண்டையில் அடைப்பு. இதற்குப் பெயர் பொறாமை. வெண்ட்லரிடம் கோபப்பட்டது தப்பு. இரண்டும் ஒரே பாட்டுதான்.

கடல் பயணத்தில் கர்த்தர் உங்களைக் காக்கட்டும். கிளம்புமுன் மேபெலுக்கு மறக்காமல் ரொட்டி வைத்துவிடுங்கள், வாயில்லாத ஜீவன். இங்கே தாளக்கருவியின் முள்ளை ஓர் அடி விழுந்து அடுத்தது விழுமுன் பிடித்து நிறுத்தி, கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறேன். சாவி இன்னும் முழுதாக இறங்கவில்லை. நீங்கள் வந்துதான் முள்ளை விட வேண்டும்.

உங்கள்
எல்ஃபி