முதலில் யாருக்குத் தகவல்

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து மழை. நம் ஊர்ப் பக்கம் மாதிரி இங்கேயும் நவம்பரில் என்ன மழையோ. மார்க்கெட் போகவில்லை.

மருமகள் சுபாவுக்கு அண்டார்டிகா உறுதி. நாலு மாதம், அங்கே கோடை முடியும் வரை. ஆராய்ச்சி நிலையத்தில் டீசல் ஜெனரேட்டர் பார்க்கும் வேலை. அம்பர்நாத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாகப் பார்க்கும் அதே வேலைதான், குளிரில். கிளம்புவது 12, புதன்.

விதிப் புத்தகம் 38 பக்கம். இந்த வீட்டில் முழுக்கப் படித்தது நான் ஒருத்தி. ரகு அட்டையைப் பார்த்ததோடு சரி. அவன் பெண்டாட்டிதான் போகிறாள்.

பாக்கி:
பல் டாக்டர் சான்றிதழ்
உள் சாக்ஸ் 4 ஜோடி
குடும்பத்தார் படிவம், ரகு கையெழுத்துடன். 10ஆம் தேதிக்குள். தவறினால் இடம் அடுத்த ஆளுக்கு.

நவ. 4, செவ்வாய்

வெயில். விதி 14: மண், விதை எதுவும் அங்கே போகக் கூடாது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசியும் கையுமாக உட்கார்ந்தேன். ஷூ அடியில் புல் விதை பதினொன்று. பை மடிப்பில் நாலு.

பிறகுதான் உறைத்தது. நானே கட்டி வைத்த மணத்தக்காளி வற்றல் அரைக் கிலோ. ஒவ்வொன்றும் விதைப் பொட்டலம்.

"முளைச்சா முளைக்கட்டும் அத்தை. பென்குவின் வத்தக்குழம்பு வச்சுச் சாப்பிட்டுப் போகுது."

எடுத்துவிட்டேன். பருப்புப் பொடி மட்டும் போகும். நைசாகச் சலித்தது.

நவ. 6, வியாழன்

படிவம் பார்த்தேன். ‘அவசரம் என்றால் முதலில் யாருக்குத் தகவல்?’ அந்தக் கட்டத்தில் என் பெயர், என் நம்பர். சுபாவின் கையெழுத்து, கோழிக் கிறுக்கல்.

ஏன் ரகு இல்லை என்று கேட்டேன்.

"அவுங்க தெரியாத நம்பர எடுக்க மாட்டாங்க. எடுத்தாலும் அப்படியே உக்காந்துருவாங்க. நீங்கதான் நாலு கேள்வி திருப்பிக் கேப்பீங்க."

உண்மைதான். இவர், ரகுவின் அப்பா, போன அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை நான்தான் எடுத்தேன். வார்டு, நேரம், பேசியவர் பெயர் எல்லாம் எழுதிக்கொண்ட பிறகே உட்கார்ந்தேன். அந்தக் கதை இந்த வீட்டில் எனக்கு ஒரு மெடல்.

ரகு கட்டத்தைப் பார்த்தான். பேனாவை மூடி வைத்தான்.

"எல்லாம் நீங்க ரெண்டு பேரே பார்த்துக்கறேள். என் கையெழுத்து மட்டும் எதுக்கு?"

நாற்பத்தாறு வயது. ஆறு வயதில் பென்சில் பாக்ஸ் தொலைத்தபோது இருந்த அதே முகம்.

நவ. 7, வெள்ளி

சுபா போன் செய்தாள், கா. 11. கேட்டதற்கெல்லாம் சரி, சரி என்றேன். பாஸ்போர்ட் நகலை ஸ்டேஷன் வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னாளாம். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறாள்.

"சரின்னு சொன்னீங்களே அத்தை?"

சிக்னல் இல்லை என்றேன். பொய்.

வலது காது போய் இரண்டு வருடம். இடதிலும் போன் குரல் பிடிபடுவதில்லை. எதிரே உட்கார்ந்து பேசினால் வாயைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். யாருக்கும் தெரியாது. மெஷின் மாட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனால் மாமிகள் கத்திக் கத்திப் பேசுவார்கள்.

படிவம் அப்படியே மேஜையில். ரகு அதன் மேல் பேப்பரைப் போட்டு வைத்திருக்கிறான்.

நவ. 8, சனி

இருவரும் வெளியே. ரயில்வே விசாரணைக்குப் போன் செய்து பார்த்தேன். பரீட்சை மாதிரி, நோட்டும் பென்சிலும் பக்கத்தில். மூன்று முறை. குழாயில் தண்ணீர் வருவது போல ஒரு சத்தம். நோட்டில் ஒரு எழுத்தும் இல்லை.

அண்டார்டிகாவிலிருந்து ஒரு போன் வந்து, நான் சரி, சரி என்று சொல்லி வைத்துவிட்டால்?

நவ. 9, ஞாயிறு

டிபன், உப்புமா. சாப்பிட்ட பிறகு சொன்னேன். என் பெயரை அடி, எனக்குப் போனில் காது கேட்காது.

இருவரும் பேசவில்லை. எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று வாயைப் பார்த்தேன். இல்லை, பேசவில்லை.

"எத்தனை நாளாம்மா?" ரகு.

இரண்டு வருடம் என்றேன்.

"அப்போ ஸ்டேஷன்ல என்னைக் காய வச்சது சிக்னல் இல்ல." சுபா சிரித்தாள். பிறகு எழுந்து என் இடது பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "எங்க அப்பா லேத்துல நின்னு நின்னு காது போனவரு. எங்க ஏரியா ஆண்டாப் ஹில் பூராத் தெரியும். நீங்க மட்டும் என்ன, ராணுவ ரகசியமா?"

கோபம் வந்தது எனக்கு. அவள் கையை எடுக்கச் சொல்லவில்லை.

ரகு படிவத்தை எடுத்தான். என் பெயர் மேல் கிறுக்கப் போனான். ஒரே கோடு போதும், பக்கத்தில் சுருக்கொப்பம் என்றேன். அப்படியே செய்தான். தன் பெயரை எழுதினான்.

சுபா: "தெரியாத நம்பர் வந்தா?"

"எடுக்கறேன்."

"எடுத்துட்டு?"

"எழுதிக்கறேன். வார்டு, நேரம், பேர். போதுமா?"

கையெழுத்துப் போட்டான். கீழே ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்பக்கம் இருப்பதை நான்தான் காட்டினேன்.

நவ. 12, புதன்

கா. 4.30 டாக்சி. பை 19 கிலோ 400. அனுமதி 20. சுபாவுக்கு விபூதி வைத்தேன். குனிந்து என் இடது காதில் சொன்னாள், "சண்ட போடாம இருங்க ரெண்டு பேரும்."

மதியம் ரசம், அப்பளம். ரகு ரசத்தை மூன்று தரம் வாங்கிக்கொண்டான்.

நவ. 15, சனி

குளிர ஆரம்பித்திருக்கிறது, போர்வை எடுத்தேன். காது டாக்டரிடம் செவ்வாய் மாலை நேரம் வாங்கியாகிவிட்டது. ரகு வருகிறான்.

இரவுச் சாப்பாட்டின்போது போன். தெரியாத நம்பர். முதல் மணியிலேயே எடுத்தான். சுபா, கேப் டவுனிலிருந்து. நாளை அங்கிருந்து பனிக்கு விமானம்.

என் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான், வாயை நன்றாகத் திறந்து. சாப்பிட்டாளாம். ஷூ அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம், ஒரு விதை இல்லையாம், சூப்பர்வைசர் யார் சுத்தம் செய்தது என்று கேட்டாராம்.

பிறகு நிறுத்தினான். காது மடல் சிவந்துவிட்டது.

என்ன சொல்கிறாள் என்றேன்.

"அவளுக்குத் தேடுதாம்மா."

அவர்கள் வீட்டுப் பேச்சில் தேடுவது என்றால் ஏங்குவது; எனக்கு நன்றாகவே புரிந்தது. யாரை என்று கேட்டேன்.

"என்னை."

கேட்கவில்லை, உரக்கச் சொல் என்றேன்.