எல்லாத் தொகுதிக்கும் ஒரே எடை

மகள் கனடாவிலிருந்து திரும்பி வந்து இன்றோடு ஒன்பது நாள். பெட்டியைப் பிரிக்கவே மனமில்லாமல் கிடந்தவள், இன்று காலை அதைத் திறந்து, "ஆன்ட்டி உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்கப்பா" என்று உன் கம்பளிக் குல்லாவை நீட்டினாள். நீ நெற்றியில் அப்பிக்கொள்ளும் தைலத்தின் வாசனை இன்னும் அதிலிருந்து போகவில்லை. கொரட்டூர் வெக்கையில், மின்விசிறிக்குக் கீழே, அதை மடியில் வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். உயிரோடு இருப்பவர்கள் யாரிடமும் இதைச் சொல்ல எனக்குத் துப்பில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் சங்கத் தேர்தல் ஞாபகமிருக்கிறதா? டிபார்ட்மென்டுக்கு ஒரு பிரதிநிதி. அவர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். எல்லாரும் மிஷின் ஷாப்பில் இருந்த நூறு பேரையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். நீ மட்டும் டீ டம்ளரோடு பெயிண்ட் ஷாப்பில் போய் உட்கார்ந்தாய். அங்கே மொத்தமே ஆறு பேர். "நூறு பேருக்கும் ஒரு ஓட்டு, ஆறு பேருக்கும் ஒரு ஓட்டு. இதுல எது ஈஸி மாமே?" என்றாய். அந்த ஒரே ஓட்டில்தான் நம் ஆள் தலைவரானார். அதை நான் அன்றோடு மறந்து தொலைத்திருக்கலாம்.

கம்பெனியை மூடிய பிறகு, உன் மனைவிக்கு, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளுக்கு, அங்கே நர்ஸ் வேலை கிடைத்ததென்று அவளோடு நீயும் கனடா போனாய். கிழக்கே, கடலோரமாக ஒரு சின்ன மீன்பிடி ஊர். ஞாயிறு தவறாமல் போன். "இன்னா குளிருன்ற! மூக்கு கீதா இல்லியான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு கீறேன்" என்பாய். குடியுரிமை கிடைத்த கையோடு அங்கேயும் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டாய். கூட்டம் போடாமல் உனக்குச் சோறு இறங்காது.

போன குளிர்காலத்தில் அந்தக் கட்சி புதுத் தலைவரைத் தேடியது. கட்சி உறுப்பினர்கள் தொகுதி தொகுதியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். ஆளுங்கட்சி, ஜெயிப்பவர் நேரே பிரதமர். அங்கே படித்து முடித்திருந்த என் மகளுக்கோ வேலை பர்மிட் முடியும் தறுவாயில் இருந்தது. பெரிய நகரத்து வேட்பாளர் ஒருவர், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பர்மிட்டை நீட்டித்துத் தருவேன் என்று பேசினார். அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அவருக்கு ஏதாவது செய்யேன் என்று உன்னிடம் கேட்டேன்.

நீ சிரித்தாய். "அவுருக்கு அவுரு சிட்டிலதான் மவுசு. இங்க மீன்காரங்களுக்கு அவுரு மூஞ்சியே தெரியாது. எல்லாத் தொகுதிக்கும் ஒரே எடை மாமே. ஆயிரம் மெம்பர் இருந்தாலும் அதே மார்க்கு, இருவது பேர் இருந்தாலும் அதே மார்க்கு. ஒரு ஊருல மட்டும் செல்வாக்கு கீற ஆளு இதுல தேற மாட்டாரு."

என்னை விட்டுவிடச் சொல்லத்தான் அதைச் சொன்னாய். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். "இருபது பேருக்கும் அதே மார்க்குன்னா, உன் ஊருதான் பெயிண்ட் ஷாப்புடா!" என்று கத்தினேன்.

"வெளிய எல்லாம் ஒறஞ்சு கெடக்குது மாமே. டாக்டரு வேற படியேறாதன்றாரு" என்றாய். இதய அடைப்புக்காக உன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருப்பது எனக்குத் தெரியாதா? நீ பயந்தபோது போனில் தைரியம் சொல்லி வைத்துக்கொள்ளச் செய்தவனே நான்தான். எல்லாம் தெரிந்துதான் கேட்டேன். "என் பொண்ணுக்காகப் போக மாட்டியா?"

போனாய். மூன்று வாரம் வீடு வீடாகப் போய், அவருக்கு ஓட்டுப் போடக் கட்சிக்கு ஆள் சேர்த்தாய். "இன்னிக்கு ரெண்டு பேரு சேந்தாங்க. ஒரு பாட்டிம்மா டீ குடுத்துச்சு, துளி சக்கர இல்ல" என்று மெசேஜ் அனுப்பினாய். அதற்கு நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? "ரெண்டுதானா?" இன்னும் போனில் அப்படியே இருக்கிறது. அழிக்கக் கை வரவில்லை.

உறுப்பினர் சேர்க்கையின் கடைசி நாளில், யாரோ ஒருவர் வீட்டுப் படியில் விழுந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

முடிவை உன்னிடம் சொல்ல வேண்டும். உன் தொகுதியில் நம் ஆள்தான் முதலிடம். நீ சேர்த்த பதினொரு பேரால் வந்தது என்று உன் கட்சிக்காரர் ஒருவர் தங்கச்சியிடம் சொன்னாராம். ஆனால் அவருடைய நகரத்தையும் உன் ஊரையும் விட்டால் வேறெங்கும் அவருக்கு ஆளில்லை. நீ சொன்ன மாதிரியே தேறவில்லை. பர்மிட் முடிந்தது, மகள் வந்துவிட்டாள். நேற்று வேலப்பன்சாவடியில் ஓர் இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்தவள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள். நீ எதற்காகப் படியேறினாய் என்று அவளுக்கும் தெரியாது. ஒன்றுமில்லாத காரியத்துக்கு உன்னைக் கொன்றுவிட்டேன்டா.

இப்போதெல்லாம் ஞாயிறு உன் நேரத்துக்குத் தங்கச்சிதான் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி. "அந்தப் பனில ஊடு ஊடா ஏறி எறங்குற அளவுக்கு இன்னாண்ணா கீது அந்த எலெக்‌ஷன்ல? ஒங்ககிட்ட எதுனா சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலம்மா" என்கிறேன்.

போன ஞாயிறு அழுதுவிட்டாள். "ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா, போகாதடான்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பீங்க. நின்னிருப்பாருண்ணா. ஒங்க பேச்ச மட்டும் தட்டவே மாட்டாரு."

"ஆமாம்மா" என்றேன். அவள் போனை வைத்த பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.