தொட்டியில் போட்ட மயில்துத்தம்

பூதலூர்
புரட்டாசி 23

அன்பு மகள் குந்தவைக்கு அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, உன் தம்பி இளஞ்செழியன் மூன்று பேரும் சுகம். ரோட்டர்டாமில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பு நோகாமல் இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். தினம் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் காகிதத்தில் எழுதி அதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன், மூன்று வாரமாக அப்படித்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன். தபாலில் போட்டால் வந்து சேர்வதற்குள் பதினைந்தாம் தேதி தாண்டிவிடும். அதனால்தான் இந்த ஏற்பாடு. முழுவதையும் படித்துவிட்டுப் பிறகு கூப்பிடு.

வாய்க்காலில் தண்ணீர் குறையில்லாமல் வருகிறது. மூன்று ஏக்கரும் நட்டு முடித்துப் பயிர் பச்சை பிடித்துவிட்டது. ஆள் கிடைக்காமல் இந்த வருஷமும் மெஷின் நடவுதான், அம்மாவுக்கு அதில் திருப்தி இல்லை, சந்து சந்தாக இருக்கிறது என்று வரப்பில் நின்று குறை சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை, ஆனால் தைலம் தேய்த்துக்கொள் என்றால் நாளைக்கு என்கிறாள், நீ ஒரு அதட்டல் போடு. இளஞ்செழியன் காலை ரயிலில் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய் எட்டு மணி வண்டியில் திரும்புகிறான். சாப்பிடுகிறான், தூங்குகிறான், கேட்டால் பதில் சொல்கிறான், அவனைப் பற்றி அவ்வளவுதான் சேதி.

இனி நீ என் பொறுப்பில் விட்டுப்போன உன் கடல்தண்ணீர்ப் பவளத் தொட்டி. போன வாரம் நீ அனுப்பிய கொட்டேஷனைப் பார்த்தேன். விளக்கு அறுபத்திரண்டாயிரம், தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் நாற்பத்தெட்டாயிரம், அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் முப்பத்தோராயிரம், ஆவியாகிப் போகிற தண்ணீரைத் தானே நிரப்பும் கருவி பதினாலாயிரத்து ஐந்நூறு, கரண்ட் போனால் ஓட இன்வர்ட்டர் இருபத்தெட்டாயிரம். ஆக மொத்தம் ஒரு லட்சத்து எண்பத்து மூன்றாயிரத்து ஐந்நூறு. செலவு போக ஒரு ஏக்கர் சம்பாவில் நமக்கு நிற்பது இருபதாயிரம், அதுவும் கடைசி மழை கெடுக்காவிட்டால், அப்படியானால் இது நம் நிலம் முழுக்க மூன்று வருஷ விளைச்சல் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது, அது என் பிறவிக் குணம், விடு. ஆனால் அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததுதான் என்னை உட்காரவிடவில்லை. 'இனிமே நீங்க வாளி தூக்க வேணாம்ப்பா, எல்லாம் தானா ஓடும். பொங்கலுக்கு வரலன்னு வருத்தப்படாதீங்க, டிக்கெட் காசையும் சேத்துத்தான் பதினஞ்சாம் தேதி கட்டப்போறேன்' என்று எழுதியிருந்தாய். பாப்பா, அந்தப் பணத்தைக் கட்டாதே. தொட்டியில் பவளம் இல்லை. ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் நான் கொன்றுவிட்டேன்.

எப்படி என்று சொல்கிறேன். தொட்டிக்குத் தண்ணீர் சுத்தம் பண்ணுகிற ஆர்.ஓ. மெஷினுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பில்டர் மாற்றவேண்டும், இரண்டாயிரத்து நானூறு ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாய். நம் போர் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கிறது, இதற்கு என்ன பில்டர் என்று ஆடியில் நான் மாற்றவில்லை. நீ கேட்டபோது மாற்றிவிட்டேன் என்றேன், அது முதல் பொய். ஆவணிக் கடைசியில் கண்ணாடியிலும் கல்லிலும் பச்சைப் பாசி பிடித்தது, சுரண்டினால் இரண்டு நாளில் திரும்ப வந்தது. அதே வாரம் வடக்கு வயலிலும் நட்ட பயிருக்குள் பாசி மூடிக் கிடந்தது. வயலில் என்ன செய்வோம் என்று உனக்கே தெரியும், மயில்துத்தத்தைச் சாக்குத் துணியில் முடிந்து மடைவாயில் போட்டால் தண்ணீரோடு கரைந்து போய்ப் பாசியை அறுத்துவிடும். நாற்பது வருஷமாகச் செய்கிறேன், ஒரு பயிர் வாடியதில்லை. போட்டது போக அந்த நீலக்கல் கொஞ்சம் மீதி இருந்தது. அங்கேயும் தண்ணீர் இங்கேயும் தண்ணீர், அங்கேயும் பாசி இங்கேயும் பாசி என்று ஒரு புளியங்கொட்டையில் பாதி அளவு எடுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, தொட்டியில் பம்புக்கு முன்னால் தொங்கவிட்டேன். மறுநாள் பாசி வெளுத்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது, நீ ஆயிரம் ஆயிரமாகக் கொட்டுகிற இடத்தில் இரண்டு ரூபாயில் வேலை முடிந்தது என்று உன்னிடம் பீற்றிக்கொள்ளக்கூட இருந்தேன். அன்று மாலையே நத்தைகள் கண்ணாடியை விட்டுக் கழன்று விழுந்தன. இறால்கள் இரண்டும் மல்லாந்து கிடந்தன. பதறிப்போய் முடிச்சை எடுத்து எறிந்துவிட்டுத் தண்ணீரை மாற்றினேன், அதற்குள் பவளமெல்லாம் சுருங்கிக் கூழாகக் கழன்று வர ஆரம்பித்துவிட்டது. உன் முதல் சம்பளத்தில் வாங்கினாயே, விரல் விரலாக ஒரு பச்சைப் பவளம், இரண்டு விரல் அகலத்தில் வந்து உள்ளங்கை அளவுக்கு வளர்ந்தது, அதுதான் கடைசியில் போனது. நாலு நாள் தாக்குப்பிடித்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது அதைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோ கேட்டாய், சித்திரையில் எடுத்ததை அனுப்பினேன். பார்த்துவிட்டு, 'சூப்பர்ப்பா, என்னைவிட நல்லா பாத்துக்கிறீங்க' என்றாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் வைகாசியில் எடுத்ததை அனுப்பினேன். அம்மா தொட்டியைப் பார்த்துக் கேட்டதற்கு, மழைக்காலத்தில் பவளம் உள்ளே போய்விடும், தை பிறந்தால் வரும் என்று அளந்தேன், அவளும் நம்பினாள். உன் கொட்டேஷன் வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு தஞ்சாவூரில் நீ சாமான் வாங்குகிற மீன் கடைக்குப் போனேன். கடைக்கார ஃபாஜில் தம்பி அதில் சோதனை மருந்தை விட்டுப் பார்த்தார், நிறம் மாறியது. 'ஐயா, காப்பர் ஏதாச்சும் போட்டீங்களா?' என்றார். மயில்துத்தத்தில் இருப்பது செம்புதானே, அதைச் சொன்னதும் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. 'கல்லும் மணலும் அத குடிச்சிருக்குங்க, கொஞ்சங் கொஞ்சமா கக்கிட்டே இருக்கும். எவ்ளோ வெல போட்டு சாமான் மாட்டுனாலும் இந்தக் கல்லுல பவளம் நிக்காது. மீன் இருக்கும், அத பாத்துக்குங்க' என்றார். நேற்று அவரே மீன்களைப் பற்றி விசாரிக்கப் போன் செய்தார், எடுத்தது அம்மா. சண்டை போடுவாள் என்று நினைத்தேன். 'அந்தப் புள்ள காசக் கட்டுறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. நான் சொல்லித் தெரிஞ்சா அது உங்களுக்கு அழகில்ல' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சென்னையில் வேலை போய் அந்தத் தொட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு நீ வந்த வருஷம் எனக்கு விலைதான் கண்ணில் பட்டது. ஒரு வாளி உப்பு ஏழாயிரம் என்றதும், தரங்கம்பாடியில் ஒரு கடலே சும்மா கிடக்கிறது, நாலு கேன் மொண்டு வந்தால் போதாதா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். நீ எங்கள் இருவரிடமும் பேசாத நாளில்கூட ஆறு மணிக்கு எழுந்து அதற்கு இரை போட்டாய், தண்ணீரைச் சோதித்து நோட்டில் எழுதினாய். அதைப் பார்த்துத்தான் அம்மா தைரியமாக இருந்தாளாம், நேற்று சொன்னாள். எனக்கு அது புத்தியில் ஏறவே இல்லை. நீ ரோட்டர்டாம் போன பிறகு நானே வாளி தூக்கி, நானே அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தபோதுதான் ஏதோ கொஞ்சம் புரிந்தது. புரிந்தும் என்ன, போனை எடுத்து, பாசி பிடித்திருக்கிறது என்ன செய்ய என்று ஒரு வார்த்தை உன்னைக் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாத தண்ணீரா என்ற மிதப்பு. மகளிடம் போய்க் கேட்பதா என்ற எண்ணமும் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

இப்போது கோமாளி மீன் இரண்டும் இருக்கின்றன, இரை எடுக்கின்றன. பில்டரை மாற்றிவிட்டேன், பில்லையும் இந்தக் கடிதத்தோடு போட்டோ எடுத்து அனுப்புகிறேன், என் வாய்வார்த்தையை நீ இனி நம்பவேண்டிய அவசியம் இல்லை. கல்லை எடுத்து வெளியே போட ஃபாஜில் சொன்னார், நான் தொடவில்லை, உன் பொருள், நீ சொன்னால் செய்கிறேன். புதுக் கல் போட்டு மறுபடி ஆரம்பிக்கலாம் என்று உனக்குத் தோன்றினால் அது என் செலவு, அறுப்பு முடிந்து நெல்லை விற்றதும் தருகிறேன், பேரம் பேசமாட்டேன். வேண்டாம் என்றாலும் சரி. ஆனால் ஒன்று, எந்த முகத்தோடு கேட்பது என்று தெரியாமல் கேட்கிறேன். அந்தக் காசில் டிக்கெட்டைப் போடு. பொங்கலுக்கு வா. வந்து திட்டு, இல்லை என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் பத்து நாளும் அம்மாவோடு மட்டும் பேசிக்கொண்டிரு, அதற்கும் நான் தயார். இத்தனை நடந்த பிறகு நீ அங்கே தனியாக உட்கார்ந்து அழுது முடித்துவிட்டு, போனில் என்னிடம் நல்லபடியாகப் பேசுவாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

உன் வேலையும் உடம்பும் மனசும் நன்றாக இருக்கவேண்டும், எந்தக் குறையும் உன்னை அண்டக் கூடாது என்று அப்பாவும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். மறக்காமல் இன்றைக்கே கடைக்குச் சொல்லி ஆர்டரை நிறுத்து. நிறுத்திவிட்டு வீடியோவில் கூப்பிடு, தொட்டிக்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
தங்கையன்