ஒரே நிற முகம்

அன்புள்ள தோழி,

கோடை முடிவதற்குள் ஒரு நாளாவது மனிதர்களாக இருப்போம் என்று கடற்கரைக்கு எல்லோரையும் கூட்டியது நீதான். நன்றாகத்தான் இருந்தது. என் செருப்பை அலை கொண்டுபோனதற்கு எப்படிச் சிரித்தீர்கள்!

தள்ளித் தள்ளித் துண்டு விரித்து முகக்கவசங்களைக் கழற்றினோமே, அப்போது நம் கூட்டத்து டீச்சர், "ஐயையோ, எல்லாரும் ரெண்டு கலர்ல இருக்கோம்டீ!" என்று கத்தினாள். உண்மைதான். நெற்றி கறுத்து, மூக்குக்குக் கீழே வெளுத்து, குரங்குக் கூட்டம் மாதிரி இருந்தோம்.

உன் முகம் மட்டும் ஒரே நிறம். என் வீட்டுக்காரர் முகமும்.

அவர் வேனில் பார்சல் கொண்டுபோகிறவர். கவசத்தைக் கழற்றினால் வேலை போய்விடும் என்பார். நீ பெட்ரோல் பங்கில் பகல் முழுக்கக் கவசத்தோடு நிற்கிறவள். உங்கள் இருவர் தாடைக்கு மட்டும் வெயில் எங்கே கிடைத்தது? கேட்கவில்லை. கேட்டால், "உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?" என்பாய்.

நேற்று அவருக்குத் தொற்று உறுதியானது. தனியறையில் இருக்கிறார். சுகாதார ஆய்வாளர் ஸ்பீக்கர் போனில், "யார் யார்கூட நெருக்கமா இருந்தீங்க?" என்று கேட்டார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடற்கரைக்கு வந்த ஒருவரையும் விடாமல் சொன்னார், உன்னைத் தவிர.

மறந்திருப்பார், பாவம். ஆய்வாளரை நானே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "அவங்களும் நெருக்கமா?" என்றார்.

"அவங்களையே கேளுங்க சார்" என்றேன்.

இந்தக் கடிதம் வருவதற்குள் ஆய்வாளர் உன் வாசலில் நின்று கேட்டிருப்பார். என்ன சொன்னாய்?

இன்னும் இரண்டு நிறத்திலேயே இருக்கும்,
உன் தோழி